மண்ணீரல் சொன்ன சாட்சி

உச்சியார் கிரேனில் ஏறினால் கப்பலில் இருப்பவர்கள்கூடக் கைவேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள் என்று துறைமுகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவர் உச்சியாரேதான். ஆனாலும் அதில் பொய் கிடையாது. லாரி நீளத்துக்கு இருக்கும் இரும்புப் பெட்டியைக் கப்பலின் வயிற்றிலிருந்து தூக்கி, காற்றில் ஆடவிடாமல் கொண்டுவந்து, கீழே நிற்கும் வண்டியின் முதுகில் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல வைப்பார். உட்காரும் இடம் உச்சியில் என்பதால் உச்சியார். கர்வமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது என்று பக்கத்துக் கிரேனை ஓட்டும் அவருடைய மச்சினன் சொல்வான்.

கர்வம் உண்டுதான். இல்லாமல் எப்படி இருக்கும்? கிரேன்களுக்கு ஆண்டுக்கொரு முறை எடைச் சோதனை நடக்கும். வழக்கமாகத் தூக்குவதைவிடக் கூடுதலான எடையைக் கொக்கியில் தொங்கவிட்டு, இரும்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒருமுறை நேரமில்லை என்று சொல்லி, எடைப்பைகளில் பாதி மட்டும் தண்ணீர் நிரப்பியதோடு சோதனையை முடித்துவிடப் பார்த்தார்கள். உச்சியார் கீழே இறங்கி வந்து அந்தப் பைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "எடை தொங்காம என் கையெழுத்து கிடையாது" என்றார். மேலதிகாரி கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் பைகளை முழுசாக நிரப்பச் சொன்னார். அந்தக் கதையை உச்சியார் யார் வீட்டுக்குப் போனாலும் சொல்வார். கேட்டவர்கள் மறுபடியும் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாக இரும்பு ஏணியில் பாதி ஏறியதும் நின்றுவிடுகிறார். யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல மார்பு இறுகும். வலி என்று வாயைத் திறந்து சொல்லுகிற ஆளா அவர்? போல்ட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதுபோலப் பாவனை செய்வார். மூச்சு வந்ததும் மேலே போவார்.

மச்சினன் கண்ணில் இது பட்டுவிட்டது. "தினமும் அதே இடத்துல அதே போல்ட்டையேவா ஒரு மனுஷன் தட்டுவாரு?" என்று அக்காவிடம் போட்டுக் கொடுத்துவிட்டான். அக்கா அதை அப்படியே மருமகள் காதில் போட்டாள். அடுத்த வாரம் உச்சியார் ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மருமகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்சியாரின் ஒரே மகன் கப்பலில் இன்ஜினியர். பாதி வருஷம் கடலில்தான். மருமகள் மாமனார் மாமியாரோடு இருந்தபடி, ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டராக வேலை பார்த்தாள். டாக்டர் மருமகள் வரப்போகிறாள் என்றதும் முதலில் உச்சியாருக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவள் ஊசியும் போடமாட்டாள், நாடியும் பிடிக்கமாட்டாள். இருட்டறையில் உட்கார்ந்து, ஸ்கேன் இயந்திரம் எடுக்கும் இதயப் படங்களைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. துறைமுகத்தில் யாராவது, "உங்க மருமக என்ன டாக்டர்?" என்று கேட்டால், "போட்டோ செக்‌ஷன்ல இருக்கா" என்று முனகிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

இதய டாக்டர் ஒரு ஸ்கேனை எடுத்துப் பார்த்துவிட்டு, விஷயத்தைப் பளிச்சென்று சொன்னார். "இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ங்க மூணும் ஆளுக்கொரு இடத்துல சுருங்கியிருக்கு. அதுக்காக மூணையும் நோண்டணும்னு இல்ல. எந்தச் சுருக்கத்தால இதயச் சதை ரத்தத்துக்குத் தவிக்குதுன்னு பார்க்கணும். அது தெரிஞ்சாத்தான் மாத்திரை போதுமா, குழாயை விரிச்சுப் பிடிக்க உள்ள ஸ்டென்ட் வைக்கணுமா, ஆபரேஷனான்னு முடிவு பண்ண முடியும். இன்னொரு படம் எடுத்துடலாம்."

அந்த இன்னொரு படத்தில்தான் உச்சியாரின் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் புதிதாக ராட்சசக் கிரேன் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதன் இருக்கையில் முதலில் உட்காரப்போவது உச்சியார்தான் என்று முடிவாகியிருந்தது. திங்கட்கிழமைக்குள் உடம்பு சரியாக இருக்கிறது என்று மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இருக்கை மச்சினனுக்கு. மச்சினன் நல்லவன்தான், அதற்காக இருக்கையைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

"மாமா, ஒரு விஷயம்" என்றாள் மருமகள். "படம் எடுக்கும்போது ஒரு மருந்து ஏத்துவாங்க. நீங்க படுத்திருக்கும்போதே, ஏணி ஏறினா இதயம் என்ன பாடுபடுமோ அதைக் காட்டிடும். காபி குடிச்சிருந்தா அந்த மருந்து வேலை செய்யாது. அதனால முந்தின நாள்லேருந்து காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது."

உச்சியாரின் ரத்தத்தில் பாதி காபி. கிரேனுக்கு அவர் ஏறும்போது கூடவே ஒரு பிளாஸ்க்கும் ஏறும். ஆனாலும் சவால் என்று வந்துவிட்டால் மனிதர் விடமாட்டார். "நான் சொன்னா சொன்னதுதான். ஒரு சொட்டு தொடமாட்டேன்" என்றார். சொன்னபடியே இருந்தார். சாயங்காலம் தலை வெடிப்பதுபோல வலித்தது. எரிச்சலில் மனைவியிடம் காரணமில்லாமல் இரண்டு சண்டை பிடித்தார். பொழுது விடிந்தும் வலி விடவில்லை. ஆனால் காபி டப்பா இருந்த அலமாரிப் பக்கம்கூட அவர் போகவில்லை. "ரிப்போர்ட்ல நீதானே கையெழுத்து போடுவே?" என்று போகும் வழியில் மருமகளிடம் கேட்டார்.

"சொந்தக்காரங்களுக்கு நாங்க போடுறதில்ல மாமா. எங்க பெரிய டாக்டர் போடுவாரு."

"ஏன், உன் கையெழுத்துல முத்தா உதிரும்?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இயந்திரத்துக்குள் தள்ளுவதற்கு முன், அங்கிருந்தவர்கள் எச்சரித்தார்கள். மருந்து ஏறும்போது மூச்சு முட்டும், நெஞ்சு கனக்கும், முகம் சூடாகும், பயப்பட வேண்டாம் என்றார்கள். உச்சியார் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறவில்லை. சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும், "என்னமோ பயமுறுத்தினீங்க, என்னை ஒண்ணும் அசைக்க முடியலையே" என்று சிரித்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் நின்று படங்களைப் பார்த்த மருமகளின் முகமும் மலர்ந்திருந்தது. "நல்லா இருக்கு மாமா. எல்லா இடத்துக்கும் ரத்தம் போகுது" என்று வெளியே ஓடிவந்து சொன்னாள். மாமியாரைக் கட்டிக்கொண்டாள். பெரிய டாக்டர் கையெழுத்திட்ட ரிப்போர்ட் மறுநாள் காலையில் கைக்கு வந்தது. மாத்திரை போதும், வேலைக்குப் போகலாம் என்றாகிவிட்டது. உச்சியார் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துறைமுக அலுவலகத்துக்குப் போன் போட்டு, புதுக் கிரேனின் இருக்கையைத் துடைத்து வைக்கச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் ஒரே கொண்டாட்டம். மச்சினன் கேக் வாங்கி வந்திருந்தான். உச்சியார் கூடத்து நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, மருந்தையே தோற்கடித்த கதையை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் காபி. "குதிரையைக் கவிழ்க்கிற மருந்தாம். எனக்கு ஒரு கொட்டாவிகூட வரலை" என்றார். எடைப்பை மேல் உட்கார்ந்த கதைக்கு ஒரு போட்டி வந்துவிட்டது என்று அவர் மனைவிக்குத் தோன்றியது.

அப்போதுதான் மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பையைத் தோளிலிருந்து இறக்காமலே மாமனார் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. நேத்து படம் எடுக்கிறதுக்கு முன்னாடி காபி குடிச்சீங்களா?"

உச்சியார் டம்ளரை மேசையில் வைத்தார்.

"யாரைப் பார்த்து என்ன கேக்குறே? தலை தெறிச்சுப் போற வலியிலகூட அலமாரிப் பக்கம் போகலை. உங்க அத்தையைக் கேளு."

"குடிக்கலைம்மா, நான் கூடவேதான் இருந்தேன்" என்றாள் மாமியார்.

"உங்க மண்ணீரல் வேற மாதிரி சொல்லுது மாமா."

மச்சினனுக்குச் சிரிப்பு வந்தது. உச்சியாரின் முகத்தைப் பார்த்ததும் அதைக் கேக்கோடு சேர்த்து விழுங்கிவிட்டான். "மண்ணீரலா? அது என்ன, கோர்ட்டுல ஏறி சாட்சி சொல்லுமா?" என்று உச்சியார் சீறினார்.

மருமகள் குரலை உயர்த்தவில்லை. போனை எடுத்து இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "சொல்லும் மாமா. இதயத்தைப் படம் எடுக்கும்போது ஓரத்துல மண்ணீரலும் கொஞ்சம் விழும். அந்த மருந்து உண்மையிலேயே வேலை செஞ்சா, மண்ணீரலுக்குப் போற ரத்தம் குறைஞ்சு இது கறுத்துடும். மருந்து இல்லாம எடுத்த படத்துல வெள்ளையா இருக்கும். உங்களுக்கு ரெண்டுலயும் வெளேர்னு இருக்கு பாருங்க. மருந்து ஏறுச்சு, ஆனா வேலை செய்யலை. ஒண்ணுமே தெரியலைன்னு கார்ல வர்ற வழியெல்லாம் சொல்லிட்டே வந்தீங்க. அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு அதே படங்களைத் திரும்பத் திறந்து பார்த்தேன்."

"நேத்து நீதானே நல்லா இருக்குன்னு சொன்னே?"

"நான்தான் சொன்னேன். வேற யாரோட படமா இருந்தாலும் முதல்ல ஓரத்தைத்தான் பார்ப்பேன். நம்ம வீட்டு ஆளுன்னதும் கண்ணு நேரா இதயத்துக்குப் போயிடுச்சு. அது வெளிச்சமா இருந்ததும் சந்தோஷத்துல ஓடி வந்துட்டேன். தப்பு என்னோடதுதான்." அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை. "பெரிய டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். நம்ம ரெண்டு பேர் கண்ணும் தவறவிட்டுடுச்சு, திரும்ப எடுத்துடலாம்னாரு."

ஒரு டாக்டர், அதுவும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், தான் சொன்னது தப்பு என்று நடுக்கூடத்தில் உட்கார்ந்து சொல்லி உச்சியார் கேட்டதில்லை. மேலதிகாரிகள் சொல்லியும் கேட்டதில்லை. ஏன், தானே எப்போதாவது சொன்னதாகவும் அவருக்கு நினைவில்லை.

மனைவிதான் திடீரென்று வாயில் கை வைத்தாள். "என்னங்க, தலைவலி மாத்திரை."

"என்ன மாத்திரை?"

"நேத்து காலையில ரெண்டு கொடுத்தேனே. நீங்க வலியில துடிச்சீங்க, பார்க்கப் பொறுக்கல." உள்ளே ஓடிப்போய் அட்டையைக் கொண்டுவந்தாள். மருமகள் அதைத் திருப்பி, பொடி எழுத்துகளைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இதுல காபியில இருக்கிற அதே சமாச்சாரம் இருக்கு அத்தை. நிறைய தலைவலி மாத்திரையில சேர்ப்பாங்க. காபியை நிறுத்தினதாலதான் தலைவலியே வந்திருக்கு. மாத்திரையைப் பத்தி முன்னாடியே சொல்லாதது என் தப்பு."

உச்சியார் எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியா, நான் குடிக்கலை. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்." வெற்றிக் களிப்பில் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். யாரும் கைதட்டவில்லை. அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

சட்டைப் பைக்குள் காகிதம் கையெழுத்தோடு இருந்தது. திங்கட்கிழமை அதை மேசையில் வைத்தால் போதும், புது இருக்கை அவருடையது. மண்ணீரல் சங்கதி துறைமுகத்தில் யாருக்குத் தெரியும்? மச்சினன்தான் அதை வாய்விட்டுச் சொன்னான். "அத்தான், பேப்பர் கையில இருக்கு. திரும்ப எடுக்கிறதை மெதுவா எடுத்துக்கலாமே. திங்கக்கிழமை நீங்க ஏறுங்க. நான் எதையும் காதுல வாங்கலை." கிடைக்கவிருக்கும் இருக்கையை வேண்டாம் என்று தள்ளிவைக்கிறவன் அவன். சதா வம்புக்கிழுக்கும் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று உச்சியார் எதிர்பார்க்கவில்லை.

அவர் மருமகளிடம் திரும்பினார். "மருந்து வேலை செய்யலைன்னா, அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்ல மாமா. சும்மா படுத்திருக்கும்போது உங்க இதயம் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஏணி ஏறும்போது எப்படின்னு தெரியாது."

உச்சியார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல மெதுவாகச் சொன்னார். "அப்ப எடையைத் தொங்கவிடாம, வெறும் கொக்கியைத் தூக்கிப் பார்த்துட்டு, கிரேன் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"ஆமா மாமா. அதேதான்."

"நான் உச்சியில இருக்கும்போது கீழ ஆளுங்க நிப்பாங்க. பெட்டி தொங்கிட்டிருக்கும்போது எனக்கு நெஞ்சு அடைச்சா?" அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "வச்சுக்க. எடை தொங்காத பேப்பர் எனக்கு வேண்டாம்."

திங்கட்கிழமை மச்சினன் புதுக் கிரேனில் ஏறினான். உச்சியார் கீழே வெயிலில் நின்று பார்த்தார். வயிறு எரியத்தான் செய்தது. நன்றாகவே ஓட்டினான், படுபாவி.

இரண்டாம் முறை படம் எடுக்கப் போனபோது உச்சியார் காபியைத் தொடவில்லை, மாத்திரையைத் தொடவில்லை, மனைவி நீட்டிய தண்ணீரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். தலைவலியில் கண் சிவந்து, கடுவன் பூனைபோல இயந்திரத்துக்குள் போனார். மருந்து ஏறியது. முகம் சூடேறியது. மூச்சு முட்டியது. பிறகு அதே முழங்கை மார்பில் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் பயப்படும் அந்த நேரத்தில், உள்ளிருந்து ஒலிபெருக்கியில் உச்சியாரின் குரல் கேட்டது.

"ஏறிடுச்சும்மா. எடை ஏறிடுச்சு. முழுப்பை."

கண்ணாடிக்குப் பின்னால் இந்த முறை மருமகள் முதலில் ஓரத்தைத்தான் பார்த்தாள். மண்ணீரல் கறுத்துக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் கண்ணை இதயத்துக்கு நகர்த்தினாள். வெளிச்சமான வளையத்தின் முன்பக்கம் முழுக்க ஒரு கறுப்பு வளைவு. அங்கே சதை ரத்தத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு குழாய்களிலிருந்து ரத்தம் வாங்கும் சதை ஒரு குறையுமில்லாமல் பளபளத்தது.

இதய டாக்டருக்கு இனி யோசிக்க ஒன்றுமில்லை. "முன்பக்கக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வச்சா போதும். மற்ற ரெண்டும் பேருக்குத்தான் சுருக்கம். தினமும் மாத்திரை போட்டுக்கிட்டு வந்தா அதுங்க பாட்டுக்கு இருக்கும்" என்றார். கையோடு உச்சியாரைப் பார்த்து, "பழைய ரிப்போர்ட்டை நம்பி ஏணி ஏறியிருந்தீங்கன்னா நாம இப்படி உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்போமான்னு தெரியலை. எப்படி மனசு வந்துச்சு, நல்லா வந்த ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க?" என்று கேட்டார்.

"நான் எங்க கொடுத்தேன்? எங்க வீட்டு டாக்டரு பிடுங்கிட்டாங்க" என்றார் உச்சியார். போட்டோ செக்‌ஷன் என்ற சொல் அன்றோடு அவர் வாயிலிருந்து ஒழிந்தது.

ஸ்டென்ட் வைத்தார்கள். ஓய்வெடுத்தார், நடந்தார், மாடிப்படி ஏறினார். மார்பின் மேல் இருந்த முழங்கை போன இடம் தெரியவில்லை. முறையாகச் சோதித்து, முறையாகச் சான்று வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். புதுக் கிரேனுக்கு முதல் ஆண்டு எடைச் சோதனை நாள் வந்தபோது, "நீங்கதான் அத்தான் ஓட்டணும்" என்று மச்சினன் தானே இறங்கி நின்றான்.

அன்றைக்கு உச்சியார் மருமகளையும் துறைமுகத்துக்கு அழைத்துவந்திருந்தார். மஞ்சள் தொப்பி அவள் காதுவரை இறங்கியிருந்தது. சோதனைச் சான்றில் ஓட்டுபவர் கையெழுத்தோடு, துறைமுகத்தைச் சேராத ஒரு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். எடை உண்மையாகவே தொங்கியது, நான் பார்த்தேன் என்பதற்கு. வழக்கமாகக் கப்பல் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, எதையும் பார்க்காமல் கிறுக்கிவிட்டுப் போவார்.

"சாட்சி யாருங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"இதோ நிக்கிறாங்களே, என் மருமக" என்றார் உச்சியார். ஏணியடியில் நின்றவர்கள், வண்டி ஓட்டுநர்கள், மச்சினன் எல்லோருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னார். "இதயத்தைப் படத்துல பார்த்து, எதைத் திறக்கணும் எதைத் தொடக்கூடாதுன்னு சொல்ற டாக்டரு. தன் தப்பையே தேடிக் கண்டுபிடிச்ச கண்ணு. இதைவிட நம்பகமான சாட்சி இந்தத் துறைமுகத்துலயே கிடையாது சார்."

மருமகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "மாமா, நாங்க சொந்தக்காரங்களுக்குக் கையெழுத்து போடுறதில்லன்னு சொன்னேனே."

"கிரேன் உனக்குச் சொந்தமாம்மா?" என்று கேட்டுவிட்டு உச்சியார் ஏணியில் கால் வைத்தார். பழைய ஏணியில் அவர் வழக்கமாக நின்றுவிடும் உயரத்தில் இங்கேயும் ஒரு போல்ட்டு இருந்தது. நின்றார், மூச்சு வாங்கியதால் அல்ல. கீழே பார்த்து மச்சினனுக்காக அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, விறுவிறுவென்று மேலே போனார்.

எடை மெல்ல எழுந்து காற்றில் நின்றது. அதிகாரி பேனாவைத் திறந்து நீட்டினார். மருமகள் வாங்கவில்லை. தொங்கிய பைகளைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மூலைக்கும் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒலிபெருக்கியில், "என்னங்க, உங்க மருமக இன்னும் கையெழுத்தே போடலை" என்று அலுத்துக்கொண்டார்.

உச்சியிலிருந்து துறைமுகம் முழுக்க அந்தக் குரல் கேட்டது.

"அவசரப்படுத்தாதீங்க சார். அவ ஓரத்தையும் பார்த்துட்டுத்தான் போடுவா."